ஓட்ட மறுக்கும் உரிமை

நம் சங்கங்களின் அங்கத்தினர்களுள் லாரி ஓட்டிப் பிழைப்பவர் மிகச் சிலரே. ஆயினும் லாரியின் தயவின்றி நடைபெறும் சங்கம் ஒன்றேனும் இன்று உண்டோ என்பது சந்தேகம். ஆலையிலிருந்து நூல் சிப்பம் வருவது லாரியில். நெய்த வேஷ்டியும் சேலையும் விற்பனை நிலையத்துக்குப் போவது லாரியில். உர மூட்டை வருவதும், மஞ்சளும் வாழைத்தாரும் வெங்காயமும் சந்தைக்குப் போவதும் லாரியில்தான். சரக்கு ஏற்றும் வேளையில் நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. வாடகை என்ன? எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? அவ்வண்டியின் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்பவர் அரியர். அது ஓட்டுநர் பாடு என்று இருந்துவிடுகிறோம். அவர் பார்த்து, பிடிக்கவில்லை என்று கண்டு, “இந்த வண்டியை நான் எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டால் அவருடைய வேலை என்னவாகும்?

இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு வழக்கு ஐந்தாண்டுக் காலம் படியேறி, அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட்டில் விடை பெற்றது. கூட்டுறவில் நம்பிக்கையுள்ளவர்கள் அவ்வழக்கை அறிந்திருப்பது நலம். லாரியைப் பற்றிய வழக்காகத் தொடங்கிய அது, தனி மனிதன் ஒருவன் எப்போது பலருக்காகப் பேசியவனாகிறான் என்னும் பெரிய விஷயத்தில் போய் முடிந்தது.

டெட்ராய்ட் நகரம் மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பேர்போனது. அந்நகரத்துக் குப்பையை ஏற்றிச் சென்று, சுமார் 37 மைல் தொலைவில் இருந்த கிடங்கு நிலத்தில் கொட்டும் பணியைச் சிட்டி டிஸ்போஸல் சிஸ்டம்ஸ் என்னும் கம்பெனி செய்துவந்தது. அதன் ஓட்டுநர்கள் டீம்ஸ்டர்ஸ் என்னும் பெரிய தொழிற்சங்கத்தின் 247ஆம் கிளையைச் சேர்ந்தவர்கள். கம்பெனிக்கும் கிளைக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதன் 21ஆம் விதி இவ்விஷயத்தைப் பற்றியது. பாதுகாப்பான நிலையில் இல்லாத வண்டியைத் தெருவிலோ நெடுஞ்சாலையிலோ கொண்டு செல்லும்படி ஓட்டுநரைக் கம்பெனி வற்புறுத்தலாகாது. அத்தகைய வண்டியை ஓட்ட மறுப்பது ஒப்பந்தத்தை மீறியதாகாது, மறுப்பு நியாயமற்றதாக இருந்தாலன்றி. இதுவே அவ்விதியின் சாரம்.

ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஒரு வண்டி என்பது அங்கே வழக்கம். நம் கதைக்குரிய ஓட்டுநரின் வண்டி 245ஆம் எண்ணுள்ளது. 1979ஆம் ஆண்டு மே மாதம் 12ந் தேதி சனிக்கிழமையன்று, 244ஆம் எண் வண்டியை ஓட்டி வந்த சக தொழிலாளி அதன் பிரேக்கைக் கட்டுப்படுத்த இயலாமல் தவித்தார். அவ்வண்டி இவருடைய வண்டியின்மீது மோதாமல் மயிரிழையில் தப்பியது. குப்பையைக் கொட்டியபின் இருவரும் அந்த 244ஆம் வண்டியைக் கம்பெனியின் பழுது பார்க்கும் கொட்டகைக்குக் கொண்டு போய்க் காட்டினார்கள். சனி, ஞாயிறுக்குள் அல்லது திங்கட்கிழமை காலையில் பிரேக் சரிசெய்யப்படும் என்று அங்கே சொன்னார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் இவருடைய சொந்த வண்டியின் சக்கரம் ஒன்று தொல்லை கொடுத்தது. கொட்டகைக்கு ஓட்டி வந்தார். வேலை குவிந்து கிடப்பதால் அன்று பார்க்க முடியாது என்றார்கள். மேற்பார்வையாளரிடம் தெரிவித்தார், அவர் வீட்டுக்குப் போகச் சொன்னார். பிறகு மனம் மாறி, 244ஆம் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்படி உத்தரவிட்டார். இரண்டு நாளைக்கு முன் தம்மேல் மோத வந்த வண்டி அது! கிரீஸ் சீல் ஏதோ கசிகிறது, அது பிரேக்கைக் கெடுக்கிறது என்று காரணம் சொல்லி ஓட்டுநர் மறுத்தார். இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார். வாக்குவாதம் வளர்ந்தது. மனிதர்களின் பாதுகாப்பைவிடக் குப்பையா உங்களுக்கு முக்கியம் என்று ஓட்டுநர் கேட்டதாக வழக்கின் ஏடுகளில் காண்கிறோம். அவர் வீட்டுக்குச் சென்றார். அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

அவர் சொன்ன கிரீஸ் கசிவு எத்தகையது என்பதைச் சிறிது விளக்குவோம். மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடுவதை நாம் அறிவோம். லாரிச் சக்கரத்தின் குடத்திலும் பேரிங்குகள் உராயாமல் சுழல்வதற்காகக் கிரீஸ் இடுகிறார்கள். அது வெளியே கசியாதபடி தடுப்பது சீல் என்னும் வளையம். அவ்வளையம் தேய்ந்தோ கிழிந்தோ போனால், கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கின் மேல் படிகிறது. லைனிங் உராய்ந்து பற்றினால்தான் சக்கரம் நிற்கும். உராய்வைப் போக்குவதற்கென்றே உண்டான பொருள், உராய்வு வேண்டிய இடத்தில் போய் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு பக்கத்துச் சக்கரம் பிடித்து மறு பக்கத்துச் சக்கரம் வழுக்கினால், பிரேக்கை மிதிக்கும்போதே வண்டி ஒரு புறமாக இழுத்துக்கொண்டு ஓடும். வெறும் வண்டியாக மெதுவாகச் செல்லும்போது இக்குறை அவ்வளவாகத் தெரியாது. வேகம் இரு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. பாரமும் சேர்ந்துகொண்டால் கேட்பானேன்! கொட்டகையில் நாலடி நகர்த்திப் பார்த்துவிட்டு “நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொல்பவரின் சாட்சியத்தை இக்காரணத்தால் மிகுந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை இழந்தவர் மறுநாளே தம் தொழிற்சங்கத்திடம் முறையிட்டார். இங்கேதான் நமக்கு வருத்தம் தரும் பகுதி வருகிறது. முறையீட்டில் நியாயம் இல்லை என்று கருதி, சங்கமே அதனை எடுத்து நடத்த மறுத்துவிட்டது. எழுதப்பட்ட விதி இருந்தும், அதை எழுதிய சங்கம் கைவிட்ட நிலையில், அவர் தனியாக நின்றார். 1979 செப்டம்பரில் தேசியத் தொழிலுறவு வாரியத்துக்குப் புகார் அனுப்பினார்.

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு முதல் தொழிலாளருக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. பரஸ்பர உதவிக்காகவும் பாதுகாப்புக்காகவும் தொழிலாளர்கள் கூட்டாகச் செய்யும் செயலுக்காக முதலாளி அவர்களைத் தண்டிக்கலாகாது. ‘கூட்டாக’ என்னும் அந்த ஒரு சொல்லின்மேல் வழக்கு முழுவதும் நின்றது. இவர் மறுத்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை; தோழர்களைக் கலந்து பேசவும் இல்லை; 21ஆம் விதி என்று வாய் திறந்து சொல்லவும் இல்லை. இதைக் கூட்டுச் செயல் என்று எப்படிச் சொல்வது என்று கம்பெனி வாதாடியது. வாரியம் ஓட்டுநரின் பக்கம் தீர்ப்பளித்து, வேலையும் சம்பளப் பாக்கியும் தரும்படி உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறைவேற்ற மறுத்தது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது.

1984ஆம் ஆண்டு மார்ச் 21ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். பெரும்பான்மையோருக்காக எழுதிய நீதிபதி பிரென்னன் காட்டிய வழி நம்மவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஒப்பந்தத்தில் அவ்விதி எவ்வாறு வந்தது? ஓட்டுநர்கள் சங்கமாகச் சேர்ந்து, பேசி, கேட்டுப் பெற்றதால் வந்தது. பழுதான வண்டியை எடுப்பதில்லை என்ற தீர்மானம் அப்போதே எல்லோராலும் செய்யப்பட்டுவிட்டது. பின்னொரு நாள் ஒருவர் தனியே நின்று அதைச் சொல்லும்போது, அன்று கூடியவர்களை மீண்டும் கூட்டி, அதே தீர்மானத்தை மறுபடியும் நிறைவேற்றியது போல் ஆகிறது. விதியின் எண்ணைச் சொல்லவில்லை என்பதால் உரிமை போய்விடாது. தம்மை ஓட்டும்படி வற்புறுத்தக் கூடாத வண்டி அது என்று நேர்மையாகவும் நியாயமான காரணத்தோடும் அவர் நம்பினால் போதும்.

நம் சங்கத்து அனுபவத்தில் இதற்கு ஒப்பு இல்லாமற் போகவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஓர் அங்கத்தினர், துணை விதிப்படி சரியான நிறுவை வேண்டும் என்று கேட்கிறார். “நீர் ஒருவர்தானே கேட்கிறீர், மற்றவர்கள் பேசாமல் வாங்கிக்கொண்டு போகவில்லையா?” என்று குமாஸ்தா மடக்குகிறார். துணை விதியை இயற்றியது மகாசபை என்பதைக் குமாஸ்தா மறந்துவிட்டார். கேட்பவர் ஒருவராயினும் அவர் வாய்வழியே கேட்பது மகாசபை.

மாறுபட்ட நால்வருக்காக எழுதியவர் அம்மையார் ஓ’கானர். ஒரு தொழிலாளி தன் நலத்துக்காகத் தன் ஒப்பந்த உரிமையைக் கேட்பதெல்லாம் கூட்டுச் செயல் என்றால், ஒப்பந்தத்தைப் பற்றிய ஒவ்வொரு சில்லறைச் சண்டையும் வாரியத்தின் வாசலுக்கு வந்துவிடுமே என்பது அவருடைய கவலை. அக்கவலை பொருளற்றதன்று. இந்த ஓட்டுநரின் செயலை வேறு காரணத்தால் பாதுகாப்பற்றதெனக் கம்பெனி இன்னும் வாதிட இடமுண்டா என்று பார்க்குமாறு வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே சுப்ரீம் கோர்ட் திருப்பியும் அனுப்பியது. ஐந்தாண்டு கழித்து ஒருவர் பெற்ற வெற்றி இவ்வளவே. வேலை போன ஒருவன் வீட்டில் ஐந்தாண்டு அடுப்பு எப்படி எரியும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை.

மேற்கண்ட பாதுகாப்பு, ஒப்பந்தமும் அதில் அத்தகைய விதியும் உள்ளவர்களுக்கே உதவும். சங்கமில்லாத ஓட்டுநரின் கதி? வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்நாட்டுச் சட்டசபை இதைக் கவனித்தது. 1982ஆம் ஆண்டின் தரைப் போக்குவரத்து உதவிச் சட்டம் என்னும் பெயரால் ஒரு சட்டம் 1983 ஜனவரியில் கையொப்பமாயிற்று. அதன்படி, பாதுகாப்பு விதிகளை மீறி ஓட்ட நேருமாயின் ஓட்டுநர் மறுக்கலாம். வண்டியின் அபாய நிலையால் தமக்கோ பொதுமக்களுக்கோ கடுமையான காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சினாலும் மறுக்கலாம். இரண்டாவது வகையில் ஒரு நிபந்தனை உண்டு. பழுதைச் சரிசெய்யும்படி முதலாளியிடம் முதலில் கேட்டு, அது கிடைக்காமற் போயிருக்க வேண்டும். மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் 180 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். இதற்கு இணையாக வேறொரு விதியும் அங்கே உள்ளது: புறப்படுமுன் வண்டி பாதுகாப்பான நிலையில் இருக்கிறதென்று ஓட்டுநருக்கே திருப்தி ஏற்பட்டிருக்க வேண்டும். ஆகவே மறுப்பது உரிமை என்பதோடு கடமையும் ஆகிறது.

சட்டம் எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டாலும் வாழ்க்கை அதற்குள் அடங்க மறுக்கிறது. 2009 ஜனவரியில் இல்லினாய் மாகாணத்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்று. டிரான்ஸ்ஆம் டிரக்கிங் என்னும் கம்பெனியின் ஓட்டுநர் ஒருவர் இரவு 11 மணியளவில், எரிபொருள் தீரும் தறுவாயில் வண்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினார். மீண்டும் புறப்பட முயன்றபோது, பின்னால் பூட்டிய டிரெய்லரின் பிரேக்குகள் கடுங்குளிரால் இறுகிப்போயிருந்தன. உதவிக்குத் தொலைபேசியில் கேட்டார். ஆள் வரும் என்றார்கள். வண்டியின் முன்னறையில் சூடு தரும் கருவியும் வேலை செய்யவில்லை. அயர்ந்து தூங்கிவிட்டார். உறவினர் ஒருவரின் தொலைபேசி அழைப்பால் விழித்தபோது உடல் மரத்திருந்தது, பாதங்களில் உணர்ச்சி இல்லை, பேச்சுக் குழறியது. மறுபடியும் கேட்டார், பொறுத்திரு என்ற பதிலே கிடைத்தது. கடைசியில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு சூடு தேடிப் புறப்பட்டார். டிரெய்லரோடு இருக்க வேண்டும், அல்லது அதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் உத்தரவு. இறுகிய பிரேக்கோடு டிரெய்லரை நெடுஞ்சாலையில் இழுத்தால் பின்னால் வருபவர் கதி என்ன என்பதை அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. பழுது பார்ப்பவர் வந்ததும் ஓட்டுநர் திரும்பி வந்து வேலையை முடித்தார். ஒரு வாரத்துக்குள் வேலை போயிற்று.

டிரெய்லரோடு வண்டியை இயக்க மறுத்தார், ஆகவே சட்டம் இவரைக் காக்கும் என்று தொழிலாளர் இலாகாவின் மறுபரிசீலனை வாரியம் கூறியது. 2016ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவரில் இருவர் அதை ஏற்றனர். மூன்றாமவர் நீல் கோர்சச். மறு ஆண்டே சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக உயர்ந்தவர். ஓட்ட மறுப்பவரைத்தான் சட்டம் காக்கிறது, இவரோ ஓட்டிச் சென்றார், கம்பெனி செய்தது அன்பான காரியமா என்பது எங்கள் வேலை அன்று என்ற கருத்தில் அவர் மாறுபட்டு எழுதினார். அந்தக் குளிர் இரவில் அவ்விடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவராக இருந்தால் இதே சொல்லாராய்ச்சியைச் செய்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. தெளிவில்லாத சட்டச் சொல்லுக்கு இலாகா கொடுக்கும் நியாயமான பொருளை நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்னும் பழைய கொள்கையையும் ஆதாரமாகக் கொண்டே அந்த இருவர் தீர்ப்பளித்தார்கள். அக்கொள்கையை 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டே கைவிட்டுவிட்டது.

இனி, சரக்கின் சொந்தக்காரர்களாகிய நம்மைத் தொடும் செய்திக்கு வருவோம். ஓட்டுநரை நெருக்குபவர் லாரி முதலாளி ஒருவர் மட்டுமல்லர் என்பதை அமெரிக்கர்கள் உணர்ந்தார்கள். 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த ஒரு விதி, பாதுகாப்பு ஒழுங்குகளை மீறி ஓட்டும்படி ஓட்டுநரை மிரட்டுவதைத் தடை செய்தது. அத்தடை லாரிக் கம்பெனியோடு நிற்கவில்லை; சரக்கை அனுப்புபவர், பெற்றுக்கொள்பவர், இடைத்தரகர் ஆகிய மூவரையும் கட்டுப்படுத்துகிறது. ஓட்டுநர் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்திருந்தால், 90 நாட்களுக்குள் இவர்களில் எவர்மீதும் புகார் செய்யலாம். “விடிவதற்குள் சந்தைக்கு வராவிட்டால் இனி உன் வண்டிக்குச் சரக்கு இல்லை” என்று சொல்லும் வியாபாரியும் குற்றத்தில் பங்காளி ஆகிறார். இச்சொற்களை நம் ஊர்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். சில சமயம் சொல்லியும் இருக்கிறோம்.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டினது. அதன் 190ஆம் பிரிவு, ஆபத்து விளைவிக்கும் பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரையும், ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் ஒருங்கே குற்றவாளியாக்குகிறது. பழுது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இக்குற்றத்துக்கு 1,500 ரூபாய் வரை அபராதமும், விபத்து நேர்ந்து காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்பட்டன. அளவுக்கு மீறிய பாரத்துக்கு அதே திருத்தம் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று கூறியது. பாரம் மிகுந்த வழக்குகளில், ஓட்டியவர் முதலாளி அல்லாதவராயின், முதலாளியின் அறிவோடோ உத்தரவாலோ அது நடந்ததென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது 113ஆம் பிரிவு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 190ஆம் பிரிவைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும், பழுதான வண்டியை எடுத்தவனைத் தண்டிக்கும் சொல் இருக்கிறதே தவிர, எடுக்க மாட்டேன் என்றவனின் வேலையைக் காக்கும் சொல் அதில் இல்லை. எடுத்தால் சட்டம் பிடிக்கும், எடுக்காவிட்டால் முதலாளி விடமாட்டார். இந்த இடுக்கில் நிற்கிறார் ஓட்டுநர்.

உலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை இந்த இடுக்கை நேராகவே கருதியது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் அபாயம் உண்டென்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவர், அதற்காகத் தகாத விளைவுகளுக்கு ஆளாகாமல் காக்கப்பட வேண்டும். முதலாளி அபாயத்தை நீக்கும்வரை அவரைத் திரும்பி வரும்படி வற்புறுத்தக் கூடாது. 2022ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனம் இவ்வுடன்படிக்கையைத் தன் அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

சட்டம் வரும்வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டுமென்பதில்லை. டெட்ராய்ட் ஓட்டுநர்களின் 21ஆம் விதி எந்தச் சட்டசபையிலும் பிறக்கவில்லை. இரு தரப்பார் மேஜையில் உட்கார்ந்து எழுதியது. ஆண்டுதோறும் லாரி வாடகைக்கு ஒப்பந்தப் புள்ளி கோரும் நம் சங்கங்களும் அத்தகைய வாசகம் ஒன்றைச் சேர்க்கலாம். பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றில் குறை கண்டு, காரணத்தைச் சொல்லி ஓட்டுநர் வண்டியை எடுக்க மறுத்தால், தாமதத்துக்காக வாடகையில் பிடித்தம் இல்லை. முதலாளி மாற்று வண்டி தர வேண்டும். அந்த ஓட்டுநரை அதன் காரணமாக நீக்கிய முதலாளிக்கு மறு ஆண்டு ஒப்பந்தம் இல்லை. சொந்த லாரி வைத்திருக்கும் சங்கங்கள் தம் ஓட்டுநருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, கண்ட குறையைத் தேதியிட்டு எழுதச் சொல்லி, காரியதரிசி அதில் கையொப்பமிடும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். இதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

செலவு வேறோர் இடத்தில் வரும். நூல் சிப்பம் ஓர் இரவு தங்கினால் கெட்டுப்போகாது. வாழைத்தாரும் தக்காளியும் தங்கினால் விலை இறங்கும். அந்த நஷ்டம் யாரோ ஓர் அங்கத்தினரின் தலையில் விழும். அதை அனுப்பியவரே தாங்குவதா, சங்கத்தின் பொது நிதி தாங்குவதா, இரண்டும் பகிர்ந்துகொள்வதா என்பதையும் அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.